டப்பா அக்காவும் முப்பத்தாறு டப்பாக்களும்

எங்கள் கர்ப்பிணிகள் கிளினிக்கில் இரண்டு மேஜைகள் ஒட்டிப் போட்டிருக்கும். ஒன்று என்னுடையது. வருகிறவர்கள் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பிரஷர் பார்த்து எழுதுவது என் வேலை. பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பக்கத்து மேஜை டப்பா அக்காவுடையது. இது அவளுடைய கதை. நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லத்தான் ஆசை. முடியாது, நானும் மாட்டிக்கொண்டேன்.

அக்கா எங்களிடம் வருவதற்கு முன் பதினாலு வருஷம் ஒரு பெயிண்ட் கடையில் இருந்தாள். வாசலில் நுழைகிற ஆளைப் பார்த்தே இவருக்கு எத்தனை லிட்டர் தேவைப்படும் என்று சொல்லிவிடுவாளாம். கடை, முதலாளியின் மகன் கைக்குப் போனதும் கம்ப்யூட்டர் வந்தது, அக்கா வெளியே வந்தாள். அந்த நேரம் எங்கள் டாக்டர் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். டப்பா கொடுக்கணும், மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணணும், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதணும். மூன்றையும் பொறுமையாகச் செய்கிற ஆள் வேண்டும். இன்டர்வியூவில் டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "எண்ணுவீங்களா?" அக்கா டாக்டர் மேஜை மேலிருந்த பேனாக்களை ஒரு பார்வை பார்த்து, "பதினொண்ணு, அதுல ரெண்டு எழுதாது" என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

டாக்டர் நல்ல மனுஷி. குரல் மட்டும் ரொம்பச் சின்னது. அவர் கத்தினால்கூட நாம் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். முதல் நாள் முப்பத்தாறு கர்ப்பிணிகளையும் உட்கார வைத்து ஆராய்ச்சி என்னவென்று விளக்கினார். எல்லோரும் பிரஷர் ஏறும் ஆபத்து உள்ளவர்கள். சிலருக்குக் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் போகாமல், உடம்பில் கண்டதைத் தாக்குகிற சில பொருள்கள் அதிகமாகச் சுரக்கின்றன. அவை ரத்தக் குழாயின் உட்சுவரை அரிக்கின்றன. காய், கீரை, பழம் இவற்றில் இருக்கும் சில சத்துகள் அவற்றை அடக்கி வைக்கும். அடக்குகிற பக்கம் பலவீனமானால் பிரஷர் ஏறலாம், சிறுநீரில் புரதம் போகலாம், மோசமானால் வலிப்பு வரலாம். இதையெல்லாம் அவர் அந்தச் சின்னக் குரலில் சொன்னபோது முன் வரிசையே கொட்டாவி விட்டது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அதாவது துருங்க. இரும்பு கேட்டு காத்துல கெடந்தா துரு பிடிக்குதுல்ல? அதே மாதிரி உள்ள பிடிக்குது. கீரை, பழமெல்லாம் ரெட் ஆக்சைடு பெயிண்ட். மேல ஒரு கோட் அடிச்சா துரு வராது. சரிதானே டாக்டர்?"

ஒரு பெண், "அப்போ நாங்க என்ன இரும்பு கேட்டா?" என்று கோபித்துக்கொண்டாள். ஆனால் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. டாக்டர், "கிட்டத்தட்ட" என்றார். அந்த "கிட்டத்தட்ட"வை அவர் சொல்லியிருக்கவே கூடாது. அக்கா காதில் அது "நூத்துக்கு நூறு" என்று விழுந்தது.

டாக்டர் அதற்குப் பிறகு சொன்னதையும் நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. எப்போதும் கொடுக்கிற மருந்தும் சுண்ணாம்புச் சத்தும் எல்லோருக்கும் உண்டு. டப்பாவில் இருப்பது அதற்கு மேல். பாதிப் பேர் டப்பாவில் சத்து மாத்திரை, பாதிப் பேர் டப்பாவில் சத்து எதுவும் இல்லாத சும்மா மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. பூட்டிய அலமாரியில் ஆளுக்கு ஓர் உறை இருக்கும், அவசரம் என்றால் மட்டும் பிரிக்கலாம். மற்ற இடங்களில் இந்த மாதிரி மாத்திரைகளால் பெரிய பலன் தெரியவில்லை, சாப்பாட்டில் குறை உள்ளவர்களுக்காவது உதவுமா என்று பார்க்கத்தான் இது. "எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் செய்யறேன்" என்றார் டாக்டர்.

தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னால் யார் நம்புகிறார்கள்? அடக்கமாகப் பேசுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த முப்பத்தாறு பேரில் ஒருத்தி அக்காவின் தங்கை. இருவருக்கும் பதினேழு வயசு வித்தியாசம். அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயசு, அதிலிருந்து தலைவாரி விட்டதும் அக்காதான், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் அக்காதான். தங்கைக்கு முதல் பிரசவத்தில் பிரஷர் எகிறி, வலிப்பு வந்து, ஏழாம் மாசத்திலேயே ஆபரேஷன். இரண்டு உயிரும் பிழைத்தது பெரிய விஷயம். அன்று ஒரு கிலோ சொச்சமாகப் பிறந்தவனுக்கு இப்போது நாலு வயசு. வந்தால் என் மேஜையில் ஏறி, பிரஷர் பட்டையைத் தன் காலில் கட்டி, வெடிக்கிற வரை பம்பு அடிப்பான். அப்படி இரண்டு பட்டை போயிருக்கிறது. இப்போது தங்கைக்கு இரண்டாவது கர்ப்பம். இந்தத் தடவை அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அக்காவுக்கு உலகத்தில் வேறு கவலையே கிடையாது.

சாப்பாடு எழுதுகிற வேலையை அக்கா செய்த விதமே தனி. பெயிண்ட் கடையிலிருந்து ஒரு ஷேட் கார்டு கொண்டு வந்திருந்தாள். நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்கள் போட்ட அட்டை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பெண்கள் கூசாமல் பொய் சொல்வார்கள். கீரை, பழம், பால் என்று பாடம் ஒப்பிப்பார்கள். அக்கா அட்டையை நீட்டி, "நேத்து தட்டுல என்ன கலர் இருந்துச்சுன்னு மட்டும் தொட்டுக் காட்டு" என்பாள். பொய் சொல்லத் தயாராக வந்தவர்கள் இதற்குத் தயாராக வந்திருக்க மாட்டார்கள். விரல் தானாக உண்மைக்குப் போய்விடும்.

"ஏம்மா, காலைல ஐவரி, மத்தியானம் ஆஃப் ஒயிட், ராத்திரி பட்டர் கிரீம். ஒரு நாள் முழுக்க சுண்ணாம்பு அடிச்ச மாதிரி சாப்பிட்டிருக்க. ஒரு பச்சை கெடையாதா?"

"வாந்தி வருதுக்கா."

"வந்தா வரட்டும், பச்சையா வரட்டும்."

இதை நான் கண்டித்திருக்கிறேன். ஆனால் அடுத்த வாரம் அந்தப் பெண் பெருமையாக வந்து அட்டையில் கேரட்டுக்கும் கீரைக்கும் கொய்யாப் பழத்துக்கும் விரல் வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன். இரண்டாம் மாசத்து டப்பாக்கள் வந்திறங்கிய அன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். தரையில் துணி விரித்து, நடுவில் குழந்தை குளிப்பாட்டுகிற அளவு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. சுற்றிலும் முப்பத்தாறு டப்பாக்கள், மூடி திறந்து. அக்கா கையுறை போட்டு, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, மாத்திரைகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். சலசலவென்று சத்தம்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"கலக்கறேன். கதவைச் சாத்து, தூசி வரும்."

டப்பாவுக்கு சீல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பதினாலு வருஷம் பெயிண்ட் டப்பா மூடி நெம்பித் திறந்தவளுக்கு அதெல்லாம் ஒரு சீலா?

"ஏன் கலக்கறீங்க?"

அக்கா நிமிர்ந்து என்னை ஏதோ குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ஒரு வீட்டுக்குப் பத்து டப்பா பெயிண்ட் போகுதுன்னு வை. எல்லாம் ஒரே கலர் நம்பர்தான். இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா ஒரு பொடி வித்தியாசம் இருக்கும். அப்படியே அடிச்சா ஒரு செவுரு ஒரு மாதிரி, இன்னொரு செவுரு வேற மாதிரி திட்டுத் திட்டாத் தெரியும். அதனால எல்லாத்தையும் பெரிய வாளியில ஊத்திக் கலக்கிட்டுத்தான் பிரஷ்ஷையே எடுப்பாங்க. தெரிஞ்ச பெயிண்டர் எவனும் இதைச் செய்யாம விட மாட்டான்."

"அக்கா, இது செவுரு இல்ல."

"அதான் சொல்றேன். செவுத்துக்கே பார்க்கறாங்க, இது புள்ளத்தாச்சிங்க. பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு சும்மான்னா என்ன நியாயம்? எது நிஜம்னு தெரிஞ்சா, மறைக்க மாட்டேன், பொறுக்கி எடுத்து என் தங்கச்சிக்குக் குடுத்துருப்பேன். தெரியல. கலக்கிட்டா அவளுக்குப் பாதியாவது நிச்சயம். அவளுக்கு மட்டுமா, எல்லார் தங்கச்சிக்கும் பாதி. ரெண்டாயிரத்து நூத்தி அறுபது மாத்திரை, டப்பாவுக்கு அறுபது எண்ணிப் போட்டுட்டேன்னா ஒண்ணு கொறையாது. போன மாசமும் கொறையல."

போன மாசமும்! ஆராய்ச்சி என்றால் என்ன, பிரித்துக் கொடுத்தால்தானே வித்தியாசம் தெரியும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "வித்தியாசம் தெரியக் கூடாதுன்னுதானே கலக்கறேன்" என்றாள். சொன்னால் அவள் வேலை போகும், சொல்லாவிட்டால் டாக்டரின் உழைப்பு போகும். இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு, பஞ்சை எடுத்துக்கொண்டு போய் டீ குடித்தேன். கெட்ட எண்ணம் இல்லை, சோம்பலும் சிநேகமும்தான். அப்புறம் ஒவ்வொரு மாசமும் அந்த நாளன்று எனக்குப் பஞ்சு தேவைப்படாமல் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது டப்பா மாசத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தங்கை வந்தாள். அவளுக்கு முப்பத்துமூன்றாவது வாரம். முகம் வீங்கியிருந்தது. மோதிரம் விரலில் புதைந்திருந்தது. கூட வந்த பையன் வழக்கம்போல என் மேஜையில் ஏறினான், அவள் அதட்டவே இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது.

"என்னம்மா பண்ணுது?"

"ஞாயித்துக்கிழமைலேருந்து தலைவலி சிஸ்டர். கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி இருக்கு. அக்காகிட்ட ஃபோன்ல சொன்னேன்."

பக்கத்து மேஜையிலிருந்து அக்கா தலையைத் தூக்காமலே, "டப்பாவை ஒழுங்கா காலி பண்றல்ல? அப்புறம் எப்படி பிரஷர் வரும்? ஃபோன் பார்த்துட்டே இருந்தா தலை வலிக்காம பாட்டா பாடும்?" என்றாள்.

நான் பட்டையைச் சுற்றினேன். நூற்று அறுபத்துநாலு, கீழே நூற்றுப் பன்னிரண்டு. ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தேன். குறையவில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள் அக்கா. எழுந்து வந்து, "இந்தப் பய காத்தடிச்சு அடிச்சுக் கெடுத்துட்டான். எனக்குப் பாரு, தெரிஞ்சிடும்" என்று தன் கையை நீட்டினாள். விட மாட்டாள் என்று அவளுக்கும் கட்டினேன். நூற்று ஐம்பத்தாறு, கீழே தொண்ணூற்றெட்டு. "பார்த்தியா, எனக்கும் அதிகமா காட்டுது, மெஷின்தான்" என்றாள். பையன் சமத்தாகத் தன் கையை நீட்டினான். அவன் கைக்குச் சின்னப் பட்டை போட்டுப் பார்த்தேன். நாலு வயசுக்கு என்ன இருக்கணுமோ அது இருந்தது. அக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, தங்கையின் எண்ணும் தன் எண்ணும் நிஜம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டரைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார், பார்த்தார், சிறுநீர் சோதிக்கச் சொன்னார், புரதம் கொட்டியது. உடனே உள்ளே சேர்க்க ஸ்ட்ரெச்சர் வந்தது. வயிறு பெரியது, ஸ்ட்ரெச்சர் சின்னது, தள்ளுகிற இரண்டு பேரும் கதவருகே எந்தப் பக்கம் திரும்புவது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். நடுவில் டாக்டர் என்னிடம் சொன்னார்.

"இது அவசரம். அலமாரியைத் திறந்து இவங்க உறையை எடுங்க. இத்தனை மாசம் உள்ள என்ன போயிருக்குன்னு வார்டு டாக்டர்களுக்குத் தெரியணும்."

உறையை எடுத்து வந்தேன். டாக்டர் ஓரத்தைக் கிழிக்கப் போனார். அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். உள்ளே ஏதோ ஒன்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு எல்லோரும் போயிருப்போம், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் அவளைப் பார்த்தேன். சும்மா இரு என்று கண்ணைக் காட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அதைப் பிரிக்காதீங்க டாக்டர். அதுல இருக்கறது பொய்."

"என்ன?"

"எல்லா டப்பாவையும் கலக்கிட்டேன். அவ என்ன சாப்பிட்டான்னு அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. அதை நம்பி அவளுக்கு எதையாவது பண்ணிடாதீங்க."

"எத்தனை பேரோடது?"

"முப்பத்தாறும்."

"எத்தனை மாசமா?"

"மொத மாசத்துலேருந்து."

"எனக்கும் தெரியும் டாக்டர்" என்றேன் நான். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டிராத ஒரு குரலில், வராந்தாக் கடைசியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்: "முதல்ல இவங்களை உள்ள கொண்டு போங்க! உங்க ரெண்டு பேரையும் அப்புறம் கொல்றேன்!"

பிரஷரை இறக்க மருந்து, வலிப்பு வராமல் இருக்க ஊசி, குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி. இரண்டு நாள் அப்படியே தாக்குப்பிடித்தார்கள். அந்த இரண்டு நாளும் அக்கா வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையன் அவள் மடியில் தூங்கினான், எழுந்தான், மறுபடி தூங்கினான். நான் டீ கொண்டு போனேன். அவள் வாங்கவில்லை.

"ரெண்டு தடவை ஃபோன் பண்ணினா சிஸ்டர். ஞாயித்துக்கிழமை ஒண்ணு, திங்கக்கிழமை ஒண்ணு. தலை வலிக்குதுன்னுதான் சொன்னா. ரெண்டு தடவையும் நான் மாத்திரை போட்டியான்னுதான் கேட்டேன். எப்படி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கல."

தலைவலி உண்டா, கண் மங்குதா, மேல் வயிறு வலிக்குதா என்று தினம் நூறு பேரிடம் நான் கேட்பதை, ஒட்டிப் போட்ட மேஜையில் உட்கார்ந்து அவளும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மூன்றாம் நாள் காலை ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ எண்ணூற்று அறுபது கிராம். பிறந்ததும் போட்ட சத்தத்துக்கு அந்த எடை பொருந்தவே இல்லை.

டாக்டர் எங்களைக் கொன்ற விதம் இது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை, ஆறு மாசம் ஸ்டோர் ரூமைக் கணக்கெடுக்கிற தண்டனை. அக்காவுக்கு வேலை போனது. ஆராய்ச்சி நின்றது. மற்ற முப்பத்தைந்து பேரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, டாக்டரே மன்னிப்புக் கேட்டார். பெரிய ரகளையாகும் என்று நான் பயந்தேன். ஒரு பெண் எழுந்து, "அப்போ எல்லாருக்கும் பாதிப் பாதி நிஜம் கெடைச்சிருக்கு, அப்படித்தானே?" என்றாள். ஆமாம் என்றார் டாக்டர். "இதை மொதல்லயே பண்ணியிருக்கலாமே" என்று சொல்லி உட்கார்ந்தாள். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். டாக்டர் மேஜையில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

பத்தாம் நாள் வார்டுக்குப் போனேன். தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மாரோடு ஒட்டிக் கட்டிய துணிக்குள் குழந்தை. பிரஷர் பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு, கீழே எண்பத்திரண்டு. அக்கா கட்டிலுக்கு இரண்டடி தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றாள். பத்து நாளாக அப்படித்தானாம். சாப்பாடு கொண்டு வருவாள், பாத்திரம் கழுவுவாள், குழந்தையைத் தொட மாட்டாள்.

தங்கை அவளைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, உண்மையைச் சொல்லு. எனக்கு உள்ள போனது நெறைய நிஜமா, நெறைய சும்மாவா?"

"தெரியாதுடி."

"ஒண்ணுமே தெரியாதா?"

"கலக்கிட்டேன்ல. யாருக்கும் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது."

"அப்போ, உன்னாலதான் இவ்வளவு நாள் தாங்கிச்சுன்னு உனக்கு நன்றி சொல்றதா, உன்னாலதான் இப்படி ஆச்சுன்னு உன்னைத் திட்டறதா?"

அக்காவின் கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது.

"திட்டிரு" என்றாள் கடைசியில்.

"திட்டலாம், நேரமில்ல. எனக்கு பாத்ரூம் போகணும்." தங்கை துணி முடிச்சை அவிழ்த்தாள். "வா, இவளைப் பிடி. மூக்கை உறிஞ்சாத, முழிச்சுப்பா."